ஊர்ல ஒரு சேத்துத்திட்டு இருக்கு, குருவி எறங்குது: சரணாலயமா, ரிசர்வா, கேஸா, ஊர்க்கட்டுப்பாடா?

ஐப்பசி பொறந்தா எனக்கு ஒரே மாதிரி போன் வர ஆரம்பிச்சிடும். "அண்ணே, எங்க முகத்துவாரத்துல உள்ளான் (சேத்துல குத்தித் திங்கிற சின்ன கரைப்பறவை) கூட்டம் கூட்டமா எறங்குது, பக்கத்துலயே ஜேசிபி நிக்குது, இதை சரணாலயமா அறிவிக்கணும்னா யாருகிட்ட மனு குடுக்கணும்?" இந்த வருஷம் மூணு பேர். ஒரு தம்பி தாழங்குடா பக்கம், ஒரு பொண்ணு அரியாங்குப்பம், இன்னொருத்தர் பரங்கிப்பேட்டைல டீக்கடை வெச்சிருக்குறவர். மூணு பேருக்கும் தனித்தனியா வாய்ஸ் நோட் போட்டு தொண்டை கட்டுனதுதான் மிச்சம், அதனால எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதிப் போட்டுடறேன்.

முதல்லயே ஒண்ணு. மூணு பேரும் கேட்டது "எப்படி சரணாலயம் ஆக்குறது"ன்னுதான், ஆனா மூணு பேருல ஒருத்தருக்குக் கூட சரணாலயம் சரியான பதில் இல்ல. நம்ம சனத்துக்கு பறவைன்னாலே வேடந்தாங்கல்தான் ஞாபகம் வருது, அதான் பிரச்சனை. வேடந்தாங்கல்ல மரத்துல கூடு கட்டி குஞ்சு பொரிக்கும், பச்சை போர்டு, வாட்ச் டவர், டிக்கெட் எல்லாம் அங்க பொருந்தும். நம்ம கடலூர், பாண்டி கடலோரத்துக்கு வர்றது வேற கேஸு. சைபீரியா பக்கத்துலேந்து கெளம்பி மத்திய ஆசிய வழித்தடம்னு சொல்ற பாதைல எறங்குற உள்ளான், உப்புக்கொத்தி, பவளக்காலி, மூக்கன் இதெல்லாம் நம்ம ஊர்ல கூடே கட்டாது. ஆவணிலயே முதல் கூட்டம் வந்துடும் (நாம கவனிக்கிறதுதான் ஐப்பசில), சாப்புடும், தூங்கும், பங்குனில உடம்பு ஏத்திக்கிட்டு கெளம்பிடும். அதுக்கு நம்ம ஊர் ஒரு ஹைவே ஓட்டல் மாதிரி. ஓட்டலை பூட்டுனாலும் போச்சு, வண்டிய நிம்மதியா நிறுத்த முடியலன்னாலும் போச்சு.

போன மாசில ஒரு காலைல பெண்ணையாத்து முகத்துவாரத்துல ஒக்காந்திருந்தேன். தண்ணி வத்தி சேறு பளபளன்னு கெடக்கு, அதுல கொசு உள்ளான் ஒரு எண்பது தொண்ணூறு தையல் மிஷின் ஊசி மாதிரி குத்திக்கிட்டே போகுது. ஒவ்வொண்ணும் 25 கிராம் இருந்தா அதிகம், மூணு பத்து ரூவா காயின் எடை. பக்கத்துல ஒரு பெரியவர் வீச்சு வலை போடறார், அவர் வலை விழுற சத்தத்துக்கு ஒண்ணு கூட எழும்பல, ரெண்டு அடி நவுந்து திரும்ப குத்துது. அப்புறம் கரைலேந்து ரெண்டு நாய் ஓடி வந்துச்சு பாருங்க, மொத்த கூட்டமும் மேல. ஒரு மணி நேரத்துல ஆறு தடவ எழும்புச்சு. ஆறாவது தடவ திரும்ப எறங்கவே இல்ல, தெக்கால போயிடுச்சு. அன்னைக்கு எனக்கு உறைச்சது என்னன்னா, நாம மீன் புடிக்கிறவரை வெளியேத்துற சட்டத்தைத் தேடிக்கிட்டு இருக்கோம், நாயை வெளியேத்துற வழிய யாரும் தேடல.

எதை வெச்சு எடை போடறது

நான் பாக்குறது நாலு விஷயம்.

நிலம் யாருது, இதான் முதல். மனு எழுதறதுக்கு முன்னாடி சர்வே நம்பர் எடுங்க. தமிழ்நாட்டுல அ-பதிவேடு (நிலம் என்ன வகைன்னு சொல்ற ரிஜிஸ்டர்), எஃப்எம்பி (நிலத்தோட அளவு வரைபடம்) ரெண்டும் ஆன்லைன்லயே பாக்கலாம், பாண்டில நிலமகள்ங்கிற அரசு நிலப்பதிவு தளத்துல செட்டில்மென்ட் நகல் பாருங்க. ஆறு புறம்போக்கா, உப்பளமா, பட்டாவா, இல்ல "தீர்வை ஏற்படாத தரிசு"ன்னு போட்டிருக்கா. நாம சேத்துல நின்னுக்கிட்டு சொர்க்கம்னு சொல்றதை ரிஜிஸ்டர் தரிசுன்னு சொல்லும். தரிசுன்னு இருந்தா நாளைக்கே யாருக்கு வேணும்னாலும் ஒதுக்கலாம், அதுதான் எல்லாத்தையும் விட பெரிய ஆபத்து.

ரெண்டாவது, பறவைக்கு அந்த எடத்துல என்ன வேலை. தண்ணி வத்தும்போது சாப்புடற எடம் ஒண்ணு, தண்ணி ஏறுனப்புறம் ஒதுங்கி நின்னு தூங்குற எடம் இன்னொண்ணு. முதல்து சேறு. ரெண்டாவது பெரும்பாலும் மணல் திட்டு, உப்பளத்து வரப்பு, அறுவடை முடிஞ்ச எறா குட்டை. நாம சேத்தை மட்டும் போட்டோ புடிச்சு காப்பாத்தப் போவோம், தூங்குற எடத்தை எவனோ வேலி போட்டுடுவான், அப்புறம் சேறு இருந்தும் குருவி வராது. ரெண்டையும் ஒரே நாள்ல ஓதம் (கடல் தண்ணி ஏறி எறங்குறது) பாத்து மேப்ல குறிச்சுக்கணும்.

மூணாவது அந்த எடத்தை வெச்சு பொழைக்கிற சனம். வலை போடறவங்க, நண்டு புடிக்கிறவங்க, பிச்சாவரம் பக்கம் தண்ணில எறங்கி கையால எறா தடவுற இருளர் சனம். இவங்களுக்கு பாதகமா ஒரு வழிய எடுத்தா அது பேப்பர்ல ஜெயிச்சு தரைல தோக்கும்.

நாலாவது நேரம். ஜேசிபி அடுத்த வாரம் வருதா, அஞ்சு வருஷம் கழிச்சு ஏதோ திட்டம்னு பேசிக்கிறாங்களா. காசைப் பத்தி தனியா எழுதல, ஏன்னா எல்லா வழிலயும் காசு விட அலைச்சல்தான் ஜாஸ்தி.

சரணாலயம்

வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972. நம்ம பக்கத்து உதாரணம் ரெண்டு. ஊசுட்டேரி, 2008ல பாண்டி அரசு தன் பக்கத்தை அறிவிச்சது, ஏரியோட மறுபாதி தமிழ்நாட்டுல கெடக்கு, அந்தப் பக்கத்தை தமிழ்நாடு வருஷக்கணக்கு கழிச்சு தனியா அறிவிச்சது. ஒரே தண்ணி, ரெண்டு அரசாங்கம். குருவிக்கு எல்லைக்கல் எது, என்னன்னு தெரியுமா. ரெண்டாவது மரக்காணம் பக்கம் கழுவெளி, 2021 டிசம்பர்ல அறிவிச்சாங்க, 5,151 ஹெக்டேர்.

இதோட பலம் நெஜமாவே பலம். அறிவிப்பு வந்தா அந்த நிலத்தை வேற ஒண்ணுக்கு திருப்பி விடறது ரொம்ப கஷ்டம். உள்ள வர்ற தண்ணிய மறிக்கிறது, திருப்புறது கூட அனுமதி இல்லாம முடியாது, நம்ம கழிமுகத்துக்கு இது சின்ன விஷயம் இல்ல. வனத்துறைக்கு ஆள், வண்டி, பட்ஜெட் எல்லாம் வரும்.

இப்போ மறைஞ்சிருக்குற செலவு. முதல் அறிவிப்புக்கும் கடைசி அறிவிப்புக்கும் நடுவுல கலெக்டர் ஒவ்வொருத்தர் உரிமையையும் விசாரிச்சு முடிவு பண்ணணும், ரெண்டு வருஷத்துல முடிக்கணும்னு சட்டம் சொல்லுது, நாட்டுல பல எடத்துல அது இழுத்துக்கிட்டே கெடக்கும். அதுவரைக்கும் அந்த நிலத்துல வாரிசு உரிமை தவிர புது உரிமை எதுவும் வாங்க முடியாது. உள்ள போக வர கட்டுப்பாடு. வீச்சு வலை தோள்ல போட்டுக்கிட்டு பொறந்ததுலேந்து நடந்த வழில ஒருத்தர் "பர்மிஷன் இருக்கா"ன்னு கேட்டா அன்னைக்கே ஊரு குருவிக்கு எதிரி ஆயிடும். இதுக்கு மேல, எல்லை எது வரைக்கும், அதைச் சுத்தி எவ்ளோ தூரம் சூழல் உணர்திறன் மண்டலம் (சரணாலயத்துக்கு வெளிய கட்டுப்பாடு உள்ள வளையம்)ங்கிற சண்டை. வேடந்தாங்கல்லயே 2020ல ஏரியைச் சுத்தி அஞ்சு கிலோமீட்டர் இருக்குற சரணாலயத்தையே மூணு கிலோமீட்டரா கொறைக்கலாம்னு பேச்சு கெளம்பி பெரிய ரகளை ஆச்சு, ஞாபகம் இருக்கும்.

எப்போ இது சரி: எடம் பெருசு, மொத்தமும் அரசு நிலம், உள்ள பொழைக்கிற சனம் கம்மி, இல்ல அவங்களே கேக்குறாங்க. முகத்துவாரத்துல ஒரு முப்பது ஏக்கர் சேத்துக்கு இதைக் கேக்குறது கொசு அடிக்க உலக்கை.

ரிசர்வ், அதுலயும் ரெண்டு இருக்கு

நெறைய பேர் கன்சர்வேஷன் ரிசர்வையும் கம்யூனிட்டி ரிசர்வையும் ஒண்ணா போட்டு கொழப்பிக்கிறாங்க. ரெண்டும் சரணாலயத்தை விட இளகுன பாதுகாப்பு, அதே வனவிலங்கு சட்டத்தோட 2002 திருத்தத்துல வந்தது, ஆனா கன்சர்வேஷன் ரிசர்வ் அரசு நிலத்துக்கு, கம்யூனிட்டி ரிசர்வ் தனியார் நிலம் இல்ல ஊர் பொது நிலத்துக்கு. நம்ம கழிமுகம் முக்காவாசி புறம்போக்குதானே, அப்போ கம்யூனிட்டி ரிசர்வ்னு மனு எழுதுனா முதல் டேபிள்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. பேர் அழகா இருக்குன்னு அதை எழுதிட்டு ஒரு வருஷம் வீணாக்குனவனை எனக்குத் தெரியும், கண்ணாடில தெனமும் பாக்குறேன்.

கன்சர்வேஷன் ரிசர்வுக்கு இந்தியாவுலயே முதல் எடம் நம்ம திருநெல்வேலி மாவட்டம் திருப்புடைமருதூர், 2005ல. மூணு ஹெக்டேர் கூட இல்ல, ஊர் சனம் தாங்களா கேட்டு வாங்குனது. இன்னொரு பக்கம் 2022ல பாக் விரிகுடால கடல்பசுவுக்கு அறிவிச்சது 448 சதுர கிலோமீட்டர். அதாவது சின்னதுக்கும் இது பொருந்தும், பெருசுக்கும் பொருந்தும். சரணாலயத்துல இருக்குற நுழைவு அனுமதி விதி இதுல கெடையாது. ஆனா தீ வைக்கிறது, ரசாயனம் வெடின்னு உயிருக்கு ஆபத்தானதை உபயோகிக்கிறது எல்லாம் தடை. மீனவருக்கு இது எவ்ளோ பெரிய வித்தியாசம்னு சொல்லத் தேவையில்ல, கடல்பசு ரிசர்வை மீனவ ஊர்கள்ட்ட கொண்டு போனப்பவே உங்க தொழிலுக்கு புதுசா தடை வராதுன்னு சொல்லித்தான் கொண்டு போனாங்க.

கொறை என்னன்னா இதுல இருக்குற கமிட்டி ஆலோசனை சொல்ற கமிட்டிதான், முடிவு தலைமை வனஉயிரினக் காப்பாளர்ட்ட. காசும் சரணாலயம் அளவுக்கு வராது. அறிவிச்சிட்டு போர்டு நட்டு அதோட விட்ட எடங்களும் உண்டு.

கம்யூனிட்டி ரிசர்வுக்கு நாம பாடம் படிக்க வேண்டிய எடம் கேரளாவோட கடலுண்டி வள்ளிக்குன்னு. 2007ல அறிவிச்சது, நம்ம ஊர் மாதிரியே கழிமுகம், சேத்துத்திட்டு, நம்ம ஊருக்கு வர்ற அதே ஜாதி கரைப்பறவைங்க. கமிட்டி இருந்துச்சு, சட்டம் இருந்துச்சு, ஊர் ஒத்துழைப்பும் இருந்துச்சு. ஆனா மணல் படிஞ்சு, அலையாத்தி (உப்புத் தண்ணில வளர்ற மாங்குரோவ் மரம்) பரவி, தொறந்த சேறு சுருங்கிக்கிட்டே வந்து, வர்ற பறவையும் கொறஞ்சு போச்சுன்னு அங்கயே வருஷக்கணக்கா எண்ணுனவங்க எழுதியிருக்காங்க. ரிஜிஸ்டர்ல எல்லை அப்படியே இருக்கு, உள்ள இருந்த எடம் மாறிப்போச்சு.

பாண்டிக்காரங்களுக்கு தனியா ஒரு வரி: கம்யூனிட்டி ரிசர்வ் கமிட்டிக்கு பஞ்சாயத்து, அது இல்லன்னா கிராம சபை ஆள் அனுப்பணும். பாண்டில உள்ளாட்சித் தேர்தல் கடைசியா நடந்தது 2006ல. மீதிய நீங்களே யோசிச்சுக்குங்க.

சிஆர்இசட் மேப்பும் பசுமைத் தீர்ப்பாயமும்

என்னைக் கேட்டா நம்ம கடலோரத்துக்கு முதல்ல தொட வேண்டிய கதவு இதான். ஏன்னா புதுசா எதையும் அறிவிக்கவே வேணாம். கடலோர ஒழுங்குமுறை மண்டல (அதான் சிஆர்இசட்) அறிவிக்கைல 2011லயும் சரி 2019லயும் சரி, உயிர்ப்புள்ள சேத்துத்திட்டு, உப்புச் சதுப்பு, அலையாத்தி, மணல் குன்று எல்லாம் ஏற்கெனவே 1ஏ, அதாவது இருக்கறதுலயே கடுமையான வகை. உங்க திட்டு அதுல விழுதுன்னா சட்டம் இப்பவே உங்க பக்கம்.

ஆனா "விழுதுன்னா". அதைச் சொல்றது அரசோட கடலோர மேலாண்மை மேப். அந்த மேப்ல உங்க சேறு வெறும் தண்ணின்னோ காலி நிலம்னோ வரைஞ்சிருந்தா நீங்க போட்டோ காட்டி அழுதாலும் நடக்காது. 2023ல தமிழ்நாட்டு கடலோர மாவட்டங்கள்ல வரைவு மேப்புக்கு கருத்துக்கேட்பு நடந்தப்போ மீனவர் வீடு, வலை காயப்போடற எடமே மேப்ல காணோம்னு ஊர் ஊரா எழுந்து கேட்டாங்க. சனம் வாழ்ற எடத்துக்கே அந்தக் கதின்னா உள்ளான் குத்துற சேத்துக்கு யார் கேக்கப் போறா.

இன்னொரு ஓட்டை. அந்த 1ஏ லிஸ்ட்ல பறவைன்னு பேர் சொல்லி இருக்குறது "கூடு கட்டும் எடம்" மட்டும்தான். நம்ம விருந்தாளி இங்க கூடே கட்டாது. அதனால மனுல "இங்க வலசைப் பறவை வருது"ன்னு பத்து பக்கம் எழுதறத விட, "இது உயிர்ப்புள்ள சேத்துத்திட்டு, இதுல புழு, நண்டு, சிப்பி இருக்கு, இது உப்புத் தண்ணி ஏறி எறங்குற எடம்"னு ஒரு பக்கம் எழுதறது வேலைக்கு ஆகும். பரங்கிப்பேட்டைல அண்ணாமலை பல்கலையோட கடல் உயிரியல் மையம் இருக்கு, வெள்ளாத்து சேத்தை அங்க பல தலைமுறையா தோண்டி பாத்திருக்காங்க, அந்த ஆய்வுங்களைத் தேடி எடுத்து மனுவோட சேருங்க. கூடவே 2019 விதில ஓதம் ஏறுற ஆத்தங்கரைக்கு கட்டுப்பாட்டுத் தூரத்தை 100 மீட்டர்லேந்து 50 மீட்டரா சுருக்கிட்டாங்க, ஓடை அதை விட அகலம் கம்மின்னா அந்த அகலம் மட்டும்தான். எந்த விதில போட்ட மேப்னு பாத்துட்டு பேசுங்க.

ஜேசிபி நெஜமாவே எறங்கிட்டா சென்னைல இருக்குற தென்மண்டல பசுமைத் தீர்ப்பாயம், சுற்றுச்சூழல் கேஸுக்குன்னே இருக்குற கோர்ட்டு மாதிரி. இழப்பீடு கேக்காத மனுவுக்கு கட்டணம் 1,000 ரூவா, வக்கீல் இல்லாம நாமளே வாதாடலாம்னு சட்டம் சொல்லுது. பிரச்சனை தொடங்குன ஆறு மாசத்துக்குள்ள போகணும், இதை மறந்து கோட்டை விட்டவங்க ஏராளம். தேதியோட போட்டோ, ஜிபிஎஸ், கலெக்டருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் அனுப்புன மனுவோட ரசீது எல்லாம் ஃபைல்ல இருக்கணும்.

இதோட மறைஞ்ச செலவு ஆயிரம் ரூவால முடியாது. பஸ்ஸு, ஜெராக்ஸ், லீவு. அதை விட ஊர்ல பேச்சு. மண் அடிக்கிற லாரி யாரோடது? நம்ம சித்தப்பா பையனோடதா இருக்கும். கேஸ் போட்டவன் பேர் ஆர்டர்ல முதல் பக்கத்துல இருக்கும். ஒரு வருஷம் எங்க தெரு கல்யாணத்துல எனக்கு இலை போட்டாங்க, யாரும் பக்கத்துல ஒக்காரல. பெருசு பண்ணிக்கல, ஆனா சொல்லி வெக்கிறேன். முடிஞ்சா தனி ஆளா போகாதீங்க, மீனவர் சங்கத்து பேர்ல போங்க. சேறு போனா நண்டும் போகும்ங்கிறது அவங்களுக்கு நம்மள விட நல்லா தெரியும்.

ராம்சர், ஈரநில விதி: சுருக்கமா

ராம்சர்ங்கிறது முக்கியமான ஈரநிலத்துக்கு சர்வதேச ஒப்பந்தத்துல குடுக்குற ஒரு பட்டம். நல்ல பட்டம்தான். கோடியக்கரைக்கு 2002ல கெடைச்சது, இருவது வருஷம் தமிழ்நாட்டுக்கு அது ஒண்ணுதான், அப்புறம் 2022ல பிச்சாவரம், பள்ளிக்கரணைன்னு வரிசையா வந்து 2024ல கழுவெளியும் சேந்துச்சு. பாத்தீங்கன்னா பெரும்பாலும் ஏற்கெனவே சரணாலயமோ காப்புக்காடோ ஆன எடத்துக்குத்தான் வருது. நம்ம திட்டுக்கு அது முதல் படி இல்ல, அஞ்சாவது படி.

ஈரநில விதி 2017ஐ யாராவது உங்ககிட்ட சொன்னா சந்தோஷப்படாதீங்க. சிஆர்இசட்டுக்குள்ள வர்ற எடத்துக்கு அது பொருந்தாது, உப்பு எடுக்கவும் மீன் வளக்கவும் வெட்டுன குட்டைக்கும் பொருந்தாது. கடலோரத்துல மிச்சம் என்ன இருக்கு?

அலையாத்தி நடறது

இதை ஒரு வழியாவே சேத்திருக்க மாட்டேன், ஆனா அந்த டீக்கடைக்காரர் உட்பட கேக்குற பத்துல நாலு பேர் இதைத்தான் சொல்றாங்க, "அண்ணே, காலேஜ் பசங்க வராங்க, கம்பெனிக்காரங்க காசு தராங்க, சுரபுன்னை (அலையாத்தில ஒரு வகை) நட்டுடலாமா?"

வேணாங்க. காடு இருந்து அழிஞ்ச எடத்துல நடுங்க, பிச்சாவரத்துல அப்படித்தான் வாய்க்கால் வெட்டி தண்ணிய ஏத்தி திரும்ப கொண்டாந்தாங்க, சுனாமில அந்தக் காடு ஊரைக் காப்பாத்துனதை நாம கண்ணால பாத்தவங்க. ஆனா தொறந்த சேத்துல நடக்கூடாது. கொசு உள்ளான், வளைமூக்கு உள்ளான்லாம் நாலு பக்கமும் வல்லூறு வருதான்னு பாத்துக்கிட்டேதான் சாப்புடும், தலைக்கு மேல மறைப்பு இருந்தா அந்தப் பக்கமே எறங்காது. வளைமூக்கு உள்ளானை 2024 அக்டோபர்ல ஐயுசிஎன் (உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு) பட்டியல்ல அழியும் அபாயத்துல இருக்குற வகைக்கு ஏத்திட்டாங்க. அதுக்கு மிச்சம் இருக்குற சேத்துலயும் நாம மரம் வெச்சா எப்படி?

நானே பண்ணியிருக்கேன். ஒரு அமைப்போட சேந்து உப்பனாத்து ஓரம் ஒரு ஞாயித்துக்கிழமை பூரா குனிஞ்சு குனிஞ்சு நட்டோம், குரூப் போட்டோ, பிஸ்கட்டு, டீ. இப்போ அங்க நல்லா தழைச்சு நிக்குது, கொக்கு இருக்கு, நாரை இருக்கு, பாக்க அழகாவே இருக்கு. உப்புக்கொத்தி மட்டும் இல்ல. முன்னாடி அங்க எண்ணுன நோட்டு இன்னும் வீட்ல இருக்கு, எடுத்துப் பாக்க மனசு வராது. மணல் மேட்டுல சவுக்கு நடறதும் இதே கதைதான், சுனாமிக்கு அப்புறம் கடலோரம் பூரா நட்டோமே.

குத்தகை: உப்பளம், எறா குட்டை

இது நம்ம ஊர்ல யாரும் பெருசா பேசாத வழி, எனக்கு ரொம்ப புடிச்ச வழி. பட்டா நிலமா இருந்தா சட்டத்தை விட்டுட்டு ஓனர்ட்ட பேசுங்க. கலிபோர்னியால 2014லேந்து இப்படி பண்றாங்க, வலசை வர்ற சில வாரத்துக்கு மட்டும் வயல்ல கொஞ்சமா தண்ணி நிறுத்தி வைக்க விவசாயிக்கு காசு குடுக்குறாங்க, வாரம் முடிஞ்சா வயல் அவனோடது.

நம்ம ஊர்ல வெனாமி எறா அறுவடை பண்ணி தண்ணிய வடிச்ச உடனே குட்டைல பாருங்க, மொத்த உள்ளானும் அங்கதான். ஆனா ஓனர் சீக்கிரம் காயவிட்டு வெடிப்பு விட வெச்சு உழுவார், நோய் வராம இருக்க. அந்த காயப்போடறதை மூணு வாரம் தள்ளி வெச்சு ரெண்டு விரக்கடை தண்ணி நிறுத்துனா போதும். ஆழம் கூடுனா நெடுங்கால் உள்ளான் மட்டும்தான் நிக்கும், சின்னது நிக்காது. பங்குனி மாசம் இது நடந்தா தங்கம், ஊருக்குத் திரும்பறதுக்கு முன்னாடி அதுங்க எடை ஏத்தற நேரம் அது.

செலவு நேரா தெரியும், அதான் இதோட அழகு. தெரியாத செலவு ரெண்டு: ஒண்ணு, ஓனருக்கு நோய் பயம், பறவை எச்சத்துல வைரஸ் வரும்னு பண்ணைக்கு மேல கயிறு கட்றவங்க அவங்க, அந்த பயத்தை மதிக்கணும், சிரிக்கக் கூடாது. ரெண்டு, அடுத்த வருஷம் நிலம் வித்துட்டா முடிஞ்சது கதை. நிரந்தரம்னு எதுவும் இல்ல. இன்னொண்ணு, கழிமுகத்தை அழிச்சு அனுமதி இல்லாம வெட்டுன குட்டைக்கு காசு குடுத்தா அந்த அழிப்புக்கு நாமளே வாடகை கட்றோம், கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்துல பதிவு இருக்கான்னு பாத்துட்டு போங்க.

ஊர்க்கட்டுப்பாடு

சிவகங்கை பக்கம் கொள்ளுக்குடிப்பட்டில பறவைக்காக தீபாவளிக்கு வெடி வெடிக்காம இருக்குறது எல்லாருக்கும் தெரியும். திருநெல்வேலி பக்கம் கூந்தன்குளமும் அப்படித்தான். ஆனா அதை அப்படியே நம்ம ஊருக்கு எடுத்துட்டு வர முடியாது, ஏன்னா அங்க குளத்துல கூடு கட்ற பறவை எச்சம் தண்ணில கலந்து வயலுக்கு எருவா போகுது, ஊருக்கு கண்ணுக்குத் தெரிஞ்ச லாபம். சேத்துல குத்துற உள்ளான் நம்ம மீனவருக்கு என்ன குடுக்குது? ஒண்ணுமில்ல. அதனால "பறவையைக் காப்பாத்துவோம்"னு மைக் புடிச்சா கொட்டாவிதான் வரும். "முகத்துவாரத்துல மண் அடிக்க விடமாட்டோம், குப்பை கொட்ட விடமாட்டோம்"னு பேசுங்க, அது அவங்க வயிறு.

நம்ம மீனவ ஊர்ல ஊர்ப் பஞ்சாயத்து, நாட்டார் (மீனவ ஊர்த் தலைவர்) வார்த்தைக்கு இருக்குற மரியாதை எந்த போர்டுக்கும் இல்ல. கோயில் மைக்ல சொல்லி தண்டம்னு வெச்சா அன்னைக்கு ராத்திரியே அமல். வேற எந்த வழிக்கும் இந்த வேகம் கெடையாது. கொறையும் சொல்லிடறேன்: வெளியூர் லாரிக்கு ஊர்க்கட்டுப்பாடு தெரியாது, அடுத்த நாட்டார் மாறுனா கட்டுப்பாடும் மாறலாம், பெரும்பாலும் அந்தக் கூட்டத்துல பொம்பளைங்க ஒக்காரவே மாட்டாங்க, ஆனா சேத்துல எறங்குறதுல பாதிப் பேர் அவங்கதான். அதனால ஊர்ல பேசி முடிச்சதை கிராம சபைல தீர்மானமாவும் போட்ருங்க. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, தமிழ்நாட்டுல வருஷத்துல ஆறு தடவ கூடுது. அந்த தீர்மான நகல் அப்புறம் ரிசர்வ் கேக்கவும் தீர்ப்பாயத்துக்கும் ஒதவும்.

ஒரே பார்வைல வேணும்ங்கிறவங்களுக்கு:

| வழி | எந்த நிலம் | எவ்ளோ நாள் | வலை போடறவருக்கு | கவனிக்க |
|---|---|---|---|---|
| சரணாலயம் | பெரிய அரசு நிலம் | வருஷக்கணக்கு | கட்டுப்பாடு வரும் | உரிமை விசாரணை இழுக்கும் |
| கன்சர்வேஷன் ரிசர்வ் | புறம்போக்கு | ஒண்ணு ரெண்டு வருஷம்னு மனசுல வெச்சுக்குங்க | பெருசா இல்ல | போர்டோட நின்னுடும் |
| கம்யூனிட்டி ரிசர்வ் | பட்டா, ஊர் பொது நிலம் | அதே | கமிட்டி சொல்றபடி | பாண்டில பஞ்சாயத்து இல்ல |
| சிஆர்இசட், தீர்ப்பாயம் | ஓதம் ஏறி எறங்குற எடம் | மாசக்கணக்கு | பாதிப்பு இல்ல | ஆறு மாசக் கெடு, ஊர் பகை |
| குத்தகை | பட்டா குட்டை, உப்பளம் | ஒரே டீல உண்டு | சம்பந்தமில்ல | வருஷா வருஷம் பேசணும் |
| ஊர்க்கட்டுப்பாடு | எதுவா இருந்தாலும் | ஒரு ராத்திரி | அவங்களே முடிவு பண்றது | வெளியாளை கட்டுப்படுத்தாது |

அந்த மூணு பேருக்கு என்ன சொன்னேன்

தாழங்குடா தம்பிக்கு நிலம் புறம்போக்கு, ஜேசிபி கிட்ட வந்தாச்சு. சரணாலயம் பேச்சே எடுக்காத, நாளைக்கே தேதியோட போட்டோ எடு, மேப்ல உன் திட்டு எந்த வகைல வரைஞ்சிருக்குன்னு பாரு, நாட்டார்ட்ட போய் மண் அடிக்கிறதை மட்டும் பேசு, ஆறு மாசத்தை காலண்டர்ல சிவப்பு மைல வட்டம் போட்டு வைன்னேன். அடுத்த கிராம சபைல தீர்மானம், அது கைல வந்தப்புறம் கன்சர்வேஷன் ரிசர்வ் மனு. தம்பிக்கு முகம் வாடிப்போச்சு, போனாலயே தெரிஞ்சுது, ஏன்னா அவன் போர்டுக்கு டிசைன் வரைஞ்சு வெச்சிருந்தான்.

பரங்கிப்பேட்டை டீக்கடைக்காரருக்கு ஆபத்தே இல்ல, யாரும் எதையும் கட்டல, அவருக்கு ஏதாவது பண்ணணும்னு ஆசை. அவர்ட்ட கன்னு நடாதீங்கன்னு சொல்லிட்டு, வருஷா வருஷம் ஜனவரில நடக்குற ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்புல அந்த எடத்தையும் சேத்து எண்ணி ஈபேர்டுங்கிற பறவைக் கணக்கு தளத்துல ஏத்துங்கன்னேன். 1987லேந்து நம்ம நாட்டுல நடக்குற கணக்கு அது. அஞ்சு வருஷ நோட்டு இருந்தா எந்த ஆபீஸ்லயும் பேச்சே வேற மாதிரி இருக்கும். பங்குனில ஒரு தடவ, ஆவணில ஒரு தடவ சேத்து எண்ணுங்க, எல்லாரும் தைலயே எண்ணிட்டு போயிடறாங்க. கடைல ஒரு நோட்டு தொங்க விட்டிருக்காராம், மீன் புடிச்சுட்டு வர்றவங்க பாத்ததைச் சொல்ல அவர் எழுதிக்கிறார்.

அரியாங்குப்பம் பொண்ணு கேட்டது ஆத்தோரம் ஒரு பழைய எறா குட்டை. பட்டா நிலம். நான் குத்தகைன்னு சொன்ன உடனே "அவ்ளோ காசு எங்கண்ணே"ன்னுச்சு. போய் பேசிப் பாருன்னேன். பேசியிருக்கு. ஓனர் பணம் வேணாம்னுட்டாராம், ஒரே கண்டிஷன்தானாம், பங்குனி வரைக்கும் தண்ணி நிறுத்துறேன், ஆனா ராத்திரி பகல்னு அந்த நாயிங்க வந்து கரைய தோண்டாம நீ பாத்துக்கணும். இப்போ அந்தப் பொண்ணு நாய் வெரட்ட ரெண்டு ஆள் தேடிக்கிட்டு இருக்கு. அரியாங்குப்பம் பக்கம் காலைல சும்மா இருக்குறவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.